பாதி முகத்துக்கு ஒன்று, மீதி முகத்துக்கு ஒன்று

மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் பதினாலு வருஷமாக நிற்கிறேன். இத்தனை வருஷத்தில் என்னைக் கோபப்படுத்துகிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "மேடம், இருக்கிறதுலேயே நல்ல சன்ஸ்கிரீன் எது?" இருக்கிறதிலேயே நல்ல செருப்பு எது என்று செருப்புக்கடையில் போய் யாராவது கேட்பார்களா? காலை நீட்டி அளவு பார்க்க மாட்டார்களா? முகம் மட்டும் என்ன பாவம் செய்தது? கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பேன். பிறகு வாயைத் திறப்பேன். அதற்கப்புறம் என்னை நிறுத்துவது கஷ்டம். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

இந்த வாய்க்கு வீட்டில் ஒரு பெயரே உண்டு. அக்காவின் வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், என்னைப் 'பட்டாசு' என்றுதான் கூப்பிடுவார். எனக்கு வயது முப்பத்தொன்பது. ஒரு கல்யாணம் பண்ணி, பதினோரு மாதத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அந்த மனிதர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அடிக்கவில்லை, குடிக்கவில்லை. பேசவும் இல்லை. என்னைப் பிடிச்சிருக்கா என்று கேட்டால் தோளைக் குலுக்குவார். பிடிக்கலையா என்று கேட்டாலும் அதே குலுக்கல். எத்தனை நாள்தான் சுவரோடு குடித்தனம் பண்ணுவது? அன்றிலிருந்து, மனிதர்கள் வாயைத் திறந்து சொல்வார்கள் என்று காத்திருக்கிற பழக்கத்தையே விட்டுவிட்டேன். முகத்தைப் பார்த்து நானே கண்டுபிடித்துக்கொள்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எங்கள் வீட்டில் நாலு பேர், நாலு விதத் தோல். அக்கா தையற்காரி. முகம் கழுவித் துடைத்த இரண்டாவது நிமிடம் அவள் கன்னம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவு வறட்சி. அவளுக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கிற கிளிசரின், ஹயலூரோனிக் ஆசிட், செராமைடு எல்லாம் சேர்ந்த கெட்டியான சன்ஸ்கிரீன் க்ரீம்தான் சரி. அத்தான் பார்சல் வண்டி ஓட்டுகிறார். பார்க்கத்தான் மலை மாதிரி ஆள், தோல் பிஞ்சுக் குழந்தைத் தோல். கொஞ்சம் வாசனை, துளி ஆல்கஹால் இருந்தால் போதும், கழுத்துவரை தடித்துவிடும். அவருக்கு ஜிங்க் ஆக்சைடு தவிர எதுவும் ஆகாது. அதைப் பூசினால் முகம் சாம்பல் பூத்துவிடுகிறது என்று ஒரு மாதம் சண்டை பிடித்தார். பிறகு இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்திலேயே வருகிற ஒன்றைத் தேடிக் கொடுத்தேன். இப்போது கண்ணாடி முன்னால் அக்காவை விட அதிக நேரம் நிற்கிறார்.

அக்கா மகளுக்குப் பதினைந்து வயது. முகம் முழுக்க எண்ணெய். அவளுக்கு எண்ணெயைக் கட்டுப்படுத்துகிற நியாசினமைடு உள்ள மெல்லிய ஜெல். ஒரு தடவை சோம்பேறித்தனத்தில் அம்மாவின் க்ரீமை எடுத்துப் பூசிக்கொண்டு போனாள். நாலாவது நாள் ஒன்பது பரு. "சித்தி, ஒன்பது, எண்ணிட்டேன்" என்று குளியலறையிலிருந்து அவள் போட்ட கூச்சல் எதிர்வீட்டுக்குக் கேட்டது. எனக்கு நெற்றியும் மூக்கும் எண்ணெய், கன்னம் வறட்சி. நான் இரண்டு டியூப் வைத்திருக்கிறேன். முகத்தில் எல்லைக்கோடு போட்டுக்கொண்டு வாழ்கிற ஜென்மம்.

இதையெல்லாம் நான் புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை. அரை முகச் சோதனை வைத்துக் கண்டுபிடித்தது. பாதி முகத்துக்கு ஒன்று, மீதி முகத்துக்கு இன்னொன்று, ஏழு நாள். வீட்டில் ஒவ்வொருவரையும் கண்ணாடி முன்னால் நிறுத்தி, நான் முதுகுப்பக்கம் நின்றுகொண்டு பூசிவிடுவேன். ஏழாம் நாள் அதே இடத்தில் நின்று கண்ணாடியில் பார்த்து நோட்டில் எழுதுவேன். ஒரு தடவையும் தப்பு வந்ததில்லை. கடையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை பதினோரு மணிக்கு முக்காலி வந்தார்.

முக்காலி என்பது நான் வைத்த பெயர். தோளில் மூன்று கால் கொண்ட ஸ்டாண்டைச் சுமந்துகொண்டு, அதைக் கதவில் இடிக்காமல் உள்ளே நுழைய ஒரு நிமிடம் போராடினார். ஊருக்கு வெளியே புது ரோடு போடுகிறார்களே, அதற்கு நிலம் அளக்கிறவர். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். மாநிறம். ஹெல்மெட் மறைத்த நெற்றி ஒரு நிறம், அதற்குக் கீழே இருந்த முகம் இன்னொரு நிறம். மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது.

"மேடம், தினமும் சன்ஸ்கிரீன் போடணும்னு தோல் டாக்டர் சொல்லிட்டார். ரெண்டு மூணு வாங்கிப் பாத்தேன், எதுவும் ஒத்துக்கல. அதுல முதல்ல வாங்கினது—"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். முகத்தைக் காட்டுங்க."

காட்டினார். நான் வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தேன். "சன்ஸ்கிரீன்ல ரெண்டு வகை. ஒண்ணு தோலுக்கு மேல உக்காந்து வெயிலைத் தடுக்கும். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு. சாதுவான சரக்கு, கண்ணு எரியாது, ஆனா வெள்ளையாத் தெரியும். இன்னொண்ணு தோல்ல ஊறி, வெயிலை உறிஞ்சிக்கும். அவோபென்சோன், ஆக்ஸிபென்சோன், ஆக்டோகிரிலீன்னு வாயில நுழையாத பேரெல்லாம் அதுலதான் வரும். பூசினதே தெரியாது. ஆனா வேர்த்தா கண்ணுல இறங்கும், சில பேருக்கு அரிக்கும். புரியுதா?"

"புரியுது. எனக்கு எது?"

"அதைத்தான் ஏழு நாள்ல கண்டுபிடிக்கப் போறோம்."

இரண்டு சாம்பிள் டியூப் எடுத்து வைத்தேன். நீல மூடி போட்டது ஜிங்க். மஞ்சள் மூடி போட்டது ஊறுகிற வகை, ஆக்ஸிபென்சோன் உள்ளது. "நீலம் இடது பக்கம். மஞ்சள் வலது பக்கம். மொத்தம் ரெண்டு விரல் நீளம், ஒவ்வொரு டியூப்லயும் ஒரு விரல். கூடக் கூடாது, குறையக் கூடாது, மாத்திடக் கூடாது."

சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதினார். பிறகு பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு ரொம்ப மரியாதையாக, "இடதுன்னா என்னோட இடதுதானே மேடம்?" என்று கேட்டார்.

"பின்ன, என்னோடதா? என் முகத்துலயா பூசப் போறீங்க?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சரி, விவரமான ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை அதே பதினோரு மணி. வந்ததும் வாயைத் திறந்தார். "மேடம், அந்த மஞ்—"

"பேசாதீங்க. முகம் பேசும்."

கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றி, எட்டிப் பார்த்தேன். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. இத்தனை பக்கத்தில் அவர் கண்ணை நான் அதுவரை பார்க்கவில்லை. இமையில் ரோட்டுத் தூசு ஒட்டியிருந்தது. தூசு ஒட்டிய இமைக்குக் கீழே அந்தக் கண், நான் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிற மாதிரி, அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தது. எனக்கு ஒரு நிமிடம் ஜிங்க்கும் மறந்துபோச்சு, டைட்டானியமும் மறந்துபோச்சு. ஒரு கன்னம் சுத்தமாக இருந்தது. இன்னொரு கன்னத்தில், காதுக்குக் கீழே ஒரு மச்சம், அதைச் சுற்றிச் சிவப்பு. நோட்டை எடுத்து 'இடது, சிவப்பு' என்று எழுதினேன்.

"நீலம் உங்களுக்கு ஆகாது. இனிமே முகம் பூரா மஞ்சள் மூடிதான்."

அவர் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டார். "சரிங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மஞ்சள் மூடி டியூப்பை வாங்கிக்கொண்டு, ஸ்டாண்டைக் கதவில் இடித்துக்கொண்டு போனார்.

மூன்றாவது சனிக்கிழமை வந்தபோது இரண்டு கன்னமும் சிவந்திருந்தன. மாநிறத்துக்குள்ளிருந்து விளக்குப் போட்ட மாதிரி ஒரு சிவப்பு. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் படித்தவள். காரண காரியம் தெரிந்தவள். போன வாரம் சிவக்க வைத்தது நீல மூடி. அதை நிறுத்தியாகிவிட்டது. காரணத்தையே நீக்கிய பிறகும் ஒரு மனிதர் சிவக்கிறார் என்றால், அதுவும் என்னைப் பார்த்துத் தலை குனிந்து சிவக்கிறார் என்றால், அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது? நாற்பது வயது ஆண்பிள்ளை, நட்டநடு வெயிலில் நின்று நிலம் அளக்கிறவர், என் முன்னால் வந்து வெட்கப்படுகிறார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே தேன் தடவியதாகக் கேட்டது.

"நல்லாத்தான் இருக்கு மேடம்" என்று கன்னத்தைத் தொட்டுக்கொண்டார்.

அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்ததாகச் சீப்பு வாங்க வந்த பெண்ணிடம், "சாப்பாட்டுக்கு அப்புறம், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை" என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் சீப்பையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுப் போனாள். வீட்டுக்குப் போகிற வழியில் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் நடந்துவிட்டேன். திரும்பி வரவும் தோன்றவில்லை, அப்படியே பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீடுவரை நடந்தே போனேன்.

அத்தான் கண்டுபிடித்துவிட்டார். "என்ன, ஒரு வாரமா பட்டாசு வெடிக்கவே காணோம்? நமுத்துப்போச்சா?"

"உங்களுக்கு வேற வேலை இல்லையா அத்தான்?"

"இங்க பாருங்க, திட்டும்போதுகூடச் சிரிக்குது. அம்மாடி, உன் தங்கச்சிக்கு என்னமோ ஆயிடுச்சு."

அக்கா கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். அவளிடம் நான் எதையும் மறைத்ததில்லை. தூசு ஒட்டிய இமை, மச்சம், சிவப்பு எல்லாவற்றையும் கொட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஆளு வாயைத் திறந்து ஏதாவது சொன்னாரா?" என்றாள்.

"எதுக்குச் சொல்லணும்? முகத்துல எழுதியிருக்கே."

"இன்னொரு ஊமையைப் பிடிச்சுட்டு வந்துடாதேடி" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் கண்ணில் பயம் இருந்தது. எனக்கு இன்னொரு தடவை அப்படி ஆனால் அவளால் தாங்க முடியாது, எனக்குத் தெரியும்.

நாலாவது சனிக்கிழமை, பஞ்சு வாங்குகிற சாக்கில் அக்கா கடைக்கே வந்துவிட்டாள். வரிசையில் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, மாப்பிள்ளை பார்க்க வந்தவள் மாதிரி அவரைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள். அளக்கிற மனிதரையே அளந்தாள். அவரோ அன்று இன்னும் பலமாகச் சிவந்திருந்தார். என் சந்தோஷத்தைக் கேட்கவா வேண்டும்?

அப்போதுதான் அவர் சொன்னார். "மேடம், இங்க வேலை முடியுது. வர்ற சனிக்கிழமைதான் கடைசி. ஞாயித்துக்கிழமை காலைல வேற ரோட்டுக்குக் கிளம்பறேன். ரொம்பத் தூரம். பத்து மாசம் ஆகும்."

"அப்படியா?" என்றேன். அவர் தலையாட்டினார். கன்னத்தைச் சொறிந்துகொண்டு நின்றுவிட்டுப் போனார்.

வாரம் முழுக்க யோசித்தேன். அவர் பேச மாட்டார், வெட்கப்படுகிற மனிதர். பத்து மாதம் என்றால் பத்து மாதம், அங்கே யார் கவுண்டரில் போய் நின்று சிவப்பாரோ. சனிக்கிழமை நானே கேட்டுவிடுவது, எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு என்று பட்டென்று சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். அதுதான் இத்தனை ஆதாரம் இருக்கிறதே, என்ன பயம்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம், அத்தானும் அக்கா மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஜையிலேயே ஒரு பக்கம் பெரிய அட்டையை விரித்து உட்கார்ந்தேன். கடைச் சுவரில் மாட்டுவதற்கு முதலாளி ஒரு படம் கேட்டிருந்தார், எந்தத் தோலுக்கு எந்தச் சன்ஸ்கிரீன் என்று. வறண்ட தோல், எண்ணெய்த் தோல், கலப்புத் தோல், எதையும் தாங்காத தோல் என்று வரிசையாக முகம் வரைந்து, நோட்டில் இருந்தபடி கலர் பென்சிலால் தீட்டிக்கொண்டே வந்தேன். அக்கா, அத்தான், அக்கா மகள், நான். கடைசியில், வெயிலில் வேர்த்து வேலை செய்கிறவர் என்று போட்டு, ஐந்தாவது முகம். அந்த முகத்துக்கு மட்டும் இமை வரைந்தேன். மச்சமும் வைத்தேன். மச்சத்தைச் சுற்றிச் சிவப்பு தீட்டி, கீழே 'இடது' என்று எழுதினேன்.

அக்கா தண்ணீர் ஜக்கோடு வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "மச்சத்தை இடது பக்கம் போட்டிருக்கே?"

"இடது பக்கம்தான் இருக்கு."

"இல்லடி. நான் அவருக்கு வலது கைப்பக்கம்தான் நின்னேன். மச்சம் என் பக்கம் இருந்துச்சு. காதுக்குக் கீழ, மிளகு சைஸுக்கு."

"உனக்கு என்ன தெரியும்? நான் நேருக்கு நேர் நின்னு பாத்தவ."

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. நேருக்கு நேர். வீட்டில் எல்லோரையும் முதுகுப்பக்கம் நின்று கண்ணாடியில் பார்த்து எழுதினேன். அவரை மட்டும்தான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று நேருக்கு நேர் பார்த்தேன்.

"அத்தான், எந்திரிச்சு என் எதிர்ல நில்லுங்க. இடது கையைத் தூக்குங்க."

அவர் பாவம், வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு எழுந்து கையைத் தூக்கினார். அது என் வலது பக்கத்தில் உயர்ந்தது. "மறுபடி தூக்குங்க" என்றேன். மறுபடியும் அங்கேயே தூக்கினார். எத்தனை தடவை தூக்கினாலும் அங்கேயேதான் தூக்குவார் என்று எனக்குப் புரிந்தபோது காது அடைத்துக்கொண்டது.

அப்படியென்றால் முதல் வாரம் சிவந்தது அவருடைய வலது கன்னம். வலது பக்கம் பூசச் சொன்னது மஞ்சள் மூடி. ஆகாதது மஞ்சள். நான் நிறுத்தச் சொன்னது நீலம். ஆகாததை எடுத்து முகம் முழுக்கப் பூசச் சொல்லி, மூன்று வாரம் வெயிலில் நிறுத்தியிருக்கிறேன்.

"அப்ப அவர் வெட்கப்படலையா?" என்றார் அத்தான், கையை இன்னும் கீழே இறக்காமல்.

"அப்பா, அது அலர்ஜி" என்றாள் அக்கா மகள்.

முதலில் அவள்தான் சிரித்தாள். பிறகு அத்தான் சிரித்தார், மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா சிரிக்கக் கூடாது என்று ஜக்கை வாயில் வைத்து மறைத்துப் பார்த்தாள், தண்ணீர் எல்லாம் அட்டைமேல் கொட்டியது. நானும் சிரித்தேன். எனக்குப் பயந்து குனிந்த தலை, நான் தேன் குரலில் எப்படி இருக்கு என்று கேட்டது, எரிகிற கன்னத்தோடு அந்த மனிதர் 'நல்லாத்தான் இருக்கு மேடம்' என்றது, நினைக்க நினைக்க விலா வலிக்கச் சிரித்தேன். எந்த இடத்தில் சிரிப்பு அழுகையானது என்று தெரியவில்லை. அக்கா ஜக்கை வைத்துவிட்டு என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்கம்னு நினைச்சுட்டேன்கா" என்றேன்.

"தெரியும்டி."

"ரெண்டு வாரமா எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா? ஒரு அரிப்பைப் பாத்து."

அக்கா மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சாரி சித்தி" என்றாள். அத்தான் மெதுவாகக் கையை இறக்கினார்.

சனிக்கிழமை காலையில் கடைக்குப் போனதும் முதல் வேலையாக ஒரு பையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர், எரிச்சல் அடங்க ஒரு லோஷன், நிறம் கலந்த ஜிங்க் ஆக்சைடு பெரிய டியூப். தப்பை ஒத்துக்கொள்வது, பையைக் கொடுப்பது, மன்னிப்புக் கேட்பது, அனுப்பிவிடுவது. இதுதான் திட்டம். மற்றதைப் பேசவே கூடாது என்று எனக்கு நானே சத்தியம் பண்ணிக்கொண்டேன். ஆதாரமே போனபிறகு எந்த முகத்தோடு கேட்பது?

பதினோரு மணிக்கு வந்தார். இந்தத் தடவை ஸ்டாண்டு இல்லை. சட்டை இஸ்திரி போட்டிருந்தது. முகம் மட்டும் அப்படியே சிவந்து, கன்னத்தில் சின்னச் சின்னதாய்ப் பொரிந்திருந்தது. வெட்கத்தில் யாருக்காவது இப்படிப் பொரியுமா? பதினாலு வருஷம் இந்த வேலையைப் பார்த்தவள் கண்ணுக்கு இது தெரியாமல் போனதே என்று எனக்கு என் கன்னத்திலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. அவருக்குப் பின்னால் இருமல் மருந்துக்கு ஒருவரும், கையில் குடையோடு ஒரு அம்மாவும் நின்றார்கள்.

"மேடம்—" என்று ஆரம்பித்தார்.

"நான் முதல்ல சொல்லிடறேன். உங்க முகத்தைக் கெடுத்தது நான். மஞ்சள் மூடிதான் உங்களுக்கு ஆகல. நான் எதிர்ல நின்னு பாத்துட்டு வலதை இடதா எழுதிட்டேன். மூணு வாரம் ஆகாததையே பூச வச்சிருக்கேன். மன்னிச்சுடுங்க. இதுல எல்லாம் இருக்கு. அரிப்பு அடங்கறவரைக்கும் இந்த லோஷன் மட்டும், வெயில்ல தொப்பி. அப்புறம் இந்த ஜிங்க். வெள்ளையாத் தெரியாது."

பையை அவர் பக்கம் தள்ளினேன். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். என் வாய் எந்தக் காலத்தில் சொன்ன பேச்சைக் கேட்டது?

"இன்னொண்ணு. நீங்க சிவந்து நின்னதைப் பாத்து, என்னைப் பாத்துதான் சிவக்கறீங்கன்னு நினைச்சேன். எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. ரொம்ப. அது அலர்ஜின்னு நேத்துதான் தெரிஞ்சுது. தெரிஞ்சப்புறமும் எனக்கு உங்களைப் பிடிச்சுதான் இருக்கு, அதை என்ன பண்றதுன்னு தெரியல. உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. நான் அழ மாட்டேன். ஆனா வாயால சொல்லுங்க. சும்மா நிக்காதீங்க, என்னால அது முடியாது."

இருமல்காரர் இருமலை அடக்கிக்கொண்டார்.

"மேடம், மஞ்சள் ஆகாதுன்னு எனக்கு மூணாவது நாளே தெரியும்" என்றார் அவர்.

"தெரியுமா?"

"வலது பக்கம்தான் அரிச்சுது. அதைச் சொல்லத்தான் அன்னைக்கு வாயைத் திறந்தேன், பேசாதீங்கன்னீங்க. அப்புறம் நீங்க பக்கத்தை மாத்தி எழுதினதையும் பாத்தேன். எங்க வேலையே அதுதானே. ஒரு கோணத்தை அளந்தா, கருவியை மறுபக்கம் திருப்பி இன்னொரு தடவை அளக்கணும். பக்கம் மாறினா எங்க கண்ணுக்குத் தப்பாது."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

அவர் கவுண்டரைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சரியான டியூப் கிடைச்சுட்டா அது ரெண்டு மாசம் வரும். எனக்கு இங்க மூணு வாரம்தான் பாக்கி இருந்துச்சு. அப்புறம் எதைச் சொல்லிக்கிட்டு இங்க வர்றது?"

"ரெண்டு மாசம் எப்படி வரும்? ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பூசினா மூணு வாரத்துல தீந்துடும். அளவாவே பூசல நீங்க" என்று பாய்ந்தேன். அவர் சொன்னது என்ன என்பது அதற்கப்புறம்தான் என் மண்டையில் இறங்கியது. இறங்கியதும் நிஜமாகவே கோபம் வந்தது, கண்மண் தெரியாத கோபம். "அறிவிருக்கா உங்களுக்கு? அது தோல். ரோட்டுல போட்ட கல்லா அது? எரியும்னு தெரிஞ்சே தினம் பூசிக்கிட்டு அந்த வெயில்ல போய் நின்னீங்களா? இந்தக் கவுண்டருக்கு வர்றதுக்காகவா? எனக்காகவா?"

பையிலிருந்த லோஷனை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

"ஆமா" என்றார். "உங்களுக்காகத்தான். உங்களைப் பாக்கத்தான் வந்தேன். எல்லாச் சனிக்கிழமையும். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

முழு வாக்கியமாக, நிறுத்தி நிதானமாக, நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு நின்றார். இன்னொரு தடவை சொல்லுங்க என்று கேட்கத் தோன்றியது. கேட்காமலேயே குடை அம்மா, "சொல்லிட்டார்ம்மா, நாங்களும் கேட்டோம்" என்றார்.

"நாளைக்குக் கிளம்பறேன்" என்றார் அவர். "பத்து மாசம் கழிச்சுத் திரும்பி வந்ததும் உங்க வீட்டுல வந்து பேசட்டுமா?"

"பத்து மாசமா? இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு வாங்க" என்றேன். "முகத்துல ஒண்ணும் பூசாம வாங்க."

அவர் சிரித்தார். பொரிந்த கன்னத்தோடு அப்படிச் சிரித்தால் கட்டாயம் வலித்திருக்கும். ஆனாலும் அவர் நிறுத்தவில்லை.